பேரூராட்சிக்கு ஐடி திட்டம் எழுதச் சொல்கிறார்கள் – எங்கே தொடங்குவது?

வார்டு7:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பேரூராட்சிக்கு மூன்று வருடத்துக்கான கணினித் திட்டம் ஒன்று தயாரித்து, பட்ஜெட் கூட்டத்துக்கு முன்பாக மன்றத்தில் வைக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. "நீங்கதானே பி.சி.ஏ. படிச்சவரு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் வார்டு உறுப்பினர், பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடையும் பிரவுசிங் சென்டரும் வைத்திருப்பவன். அலுவலக வேலை எதுவும் தெரியாது.

இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது: புது கம்ப்யூட்டர் ஆறு, லேசர் பிரின்டர் இரண்டு, சிசிடிவி, பேரூராட்சிக்குத் தனி இணையதளம், மக்கள் புகார் சொல்ல ஒரு ஆப். வேறு என்ன சேர்க்கலாம்?

பழைய தலைமை எழுத்தர்:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது திட்டமில்லை, மளிகைச் சீட்டு.

நான் 31 வருடம் நகராட்சியிலும் பேரூராட்சியிலும் குப்பை கொட்டியவன். 2000-01 வாக்கில் நகராட்சிகளுக்கு இரட்டைப் பதிவுக் கணக்கு முறை வந்தபோது நேரில் இருந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, மென்பொருள் வந்தது, பயிற்சியும் கொடுத்தார்கள். நாங்கள் என்ன செய்தோம்? கம்ப்யூட்டரிலும் ஏற்றினோம், பழைய ரொக்கப் புத்தகத்தையும் கையால் எழுதினோம். எதற்கு என்று கேட்டால் "எதுக்கும் இருக்கட்டும்". அந்த "எதுக்கும் இருக்கட்டும்" பல வருடம் ஓடியது. ஒரு வேலை இரண்டு வேலையானதுதான் மிச்சம்.

அதனால் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதலில் ஒரு மனுவைப் பிடித்து அதன் பின்னாலேயே நடங்கள். சொத்துவரிப் பெயர் மாற்றம் நல்ல உதாரணம். கவுன்ட்டரில் கொடுத்த நாளிலிருந்து ஆணை கைக்கு வரும் நாள்வரை அந்தக் காகிதம் யார் யார் மேஜையில் எத்தனை நாள் உட்கார்ந்தது என்று தேதி போட்டுக் குறியுங்கள். எழுத்தர் தன்னிடம் வந்த காகிதங்களைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அப்புறம் சொல்லுங்கள், ஆறு கம்ப்யூட்டர் வேண்டுமா என்று.

வரிகட்டுபவன்:
இதெல்லாம் எதற்கு சார்? ஏப்ரல் 30-க்குள் அரையாண்டு வரி கட்டினால் 5% ஊக்கத்தொகை என்கிறார்கள். 29, 30 தேதிகளில் தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் வங்கியில் போய்விட்டது, ரசீது வரவில்லை. ஆபீசுக்குப் போனால் "சர்வர் எங்ககிட்ட இல்ல" என்கிறார்கள். முதலில் இதைத் திட்டத்தில் போடுங்கள்.

கவுன்ட்டர்4:
நான் ஒரு பேரூராட்சியில் கணினி இயக்குபவராக இருக்கிறேன், தொகுப்பூதியம். வரிகட்டுபவன் அண்ணா, சர்வர் உண்மையிலேயே எங்களிடம் இல்லை. சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், பிறப்பு இறப்புச் சான்று, கட்டட அனுமதி எல்லாம் மாநில அளவில் முடிவான தளங்கள். எங்கள் கையில் இருப்பது அதைத் திறக்கும் ஜன்னல் மட்டும். திட்டு மட்டும் எங்களுக்கு வரும்.

வார்டு7 அண்ணாவுக்கு ஒன்று. என் அனுபவத்தில் எங்கள் ஆபீசில் பெரிய பிரச்சினை மிஷின் இல்லை. ஒரு தளத்துக்கு ஓடிபி இன்னும் இரண்டு செயல் அலுவலருக்கு முன்னால் இருந்தவர் போனுக்குப் போகிறது. அவர் மாறுதலாகிப் போய் ரொம்ப நாளாகிறது. நாங்கள் போன் செய்வோம், அவர் மீட்டிங்கில் இருப்பார், சாப்பாட்டு நேரத்தில் எண்ணைச் சொல்வார். கம்ப்யூட்டரில் செருகிக் கையெழுத்துப் போடும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் காலாவதியானது தெரிந்ததே பில் போட உட்கார்ந்த அன்றைக்குத்தான். ஒப்பந்ததாரர் வாசலில் நிற்கிறார், டோக்கன் வேலை செய்யவில்லை. இதெல்லாம் எந்தத் திட்டத்திலும் வராதா?

நெல்லை டெவலப்பர்:
கவுன்ட்டர்4 சொன்னதுதான் இந்த இழையிலேயே உருப்படியான விஷயம். நான் சில உள்ளாட்சி மென்பொருள் வேலைகளில் இருந்தவன்.

பேரூராட்சி தானாக முடிவு செய்யக்கூடியது எது, மேலிருந்து வருவது எது என்று முதலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மென்பொருள் பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. அதை மாற்ற நீங்கள் மூன்று வருடத் திட்டம் எழுதுவதில் பயனில்லை. உங்கள் கையில் இருப்பது: தரவு, மின்சாரம், இணைய இணைப்பு, ஆள், கடவுச்சொல், காகிதம் போகும் வழி. இதில் தரவு ஒன்றுதான் எந்தப் புது மென்பொருள் வந்தாலும் கூடவே வருவது.

யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்ற கேட்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரே வீட்டுக்காரர் ஓரிடத்தில் முத்துச்சாமி, இன்னோரிடத்தில் முத்துசாமி, குடிநீர் இணைப்பில் எம்.முத்துசாமி. கதவெண் ஒன்றில் "பழைய எண் 14", இன்னொன்றில் "புதிய எண் 27ஏ", மூன்றாவதில் "கோயிலுக்கு எதிர் வீடு". வரிவிதிப்பு எண்ணுக்கும் குடிநீர் இணைப்பு எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. இதைச் சரிசெய்ய எந்த நிறுவனமும் வெளியிலிருந்து வர முடியாது. அந்தத் தெருவில் பத்து வருடம் நடந்த பில் கலெக்டரால்தான் முடியும். அவர் ஓய்வுபெறுவதற்குள் செய்தாக வேண்டும்.

அப்புறம் தீர்மானப் பதிவேடு. 2000-களில் தட்டச்சு செய்தது வானவில் போன்ற எழுத்துருவில் இருக்கும். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடு, டேஸ் 16 என்ற எழுத்துக் குறியீட்டு முறைகளை அரசின் தரமாக அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் பல அலுவலகங்களில் பழைய கோப்பு பழைய எழுத்துருவிலேயே கிடக்கிறது. அந்த எழுத்துரு இருக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர் போனால், இருபது வருட மன்ற முடிவுகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திரையில் தெரியும். மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்தே ஆக வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

வார்டு7:
ஐயா சொன்னது சுருக்கென்று இருந்தது, ஆனால் சரிதான். நாளைக்கே ஒரு பெயர் மாற்ற மனுவைப் பிடிக்கிறேன். கவுன்ட்டர்4 அக்கா, அந்த ஓடிபி கதை எங்கள் ஆபீசிலும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

டெவலப்பர் சார், விண்டோஸுக்குப் பதிலாக மொத்தமாக இலவச லினக்ஸ் போட்டுவிட்டால் என்ன? செலவு மிச்சமாகுமே.

நெல்லை டெவலப்பர்:
எனக்கு லினக்ஸ் பிடிக்கும், வீட்டில் அதுதான். ஆனால் ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் முடிவெடுத்து, 2013-க்குள் ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றி, 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவது என்று தீர்மானம் போட்டது. தோற்றது மென்பொருளா, அரசியலா, அலுவலக அமைப்பா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். சொந்தமாகப் பெரிய ஐடி பிரிவு வைத்திருந்த ஊருக்கே இந்தப் பாடு. உங்கள் ஆபீசில் பிரின்டர் டிரைவர் போட யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
நான் இருப்பது லண்டனில், சொந்த ஊர் யாழ்ப்பாணம் பக்கம். பெரிய இடத்துப் பிழை ஒன்றைச் சொல்லுகிறேன், உங்களுக்கு உதவலாம்.

பர்மிங்காம் நகரசபை 1999 முதல் எஸ்ஏபி மென்பொருளில் கணக்கு வைத்திருந்தது. 2022 ஏப்ரலில் ஆரக்கிள் என்ற வேறொரு மென்பொருளுக்கு மாறினார்கள். முதலில் போட்ட மதிப்பீடு ஏறக்குறைய 1.9 கோடிப் பவுண். பிறகு அது 10 கோடிப் பவுணையும் தாண்டிப் போய்விட்டது. 2023 செப்டம்பர் 5-ஆம் தேதி 114-ஆம் பிரிவு அறிவித்தல் கொடுத்தார்கள். அதாவது, கட்டாயச் செலவு தவிரப் புதுச் செலவு செய்ய எங்களால் முடியாது என்ற அறிவித்தல். அதற்குப் பெரிய காரணம் பெண் ஊழியர்களின் சம சம்பளக் கோரிக்கைகள். ஆனால் இந்த மென்பொருளும் சேர்ந்துகொண்டது.

எங்கே பிழை நடந்தது? புது மென்பொருளின் வழிக்குத் தங்கள் வேலைமுறையை மாற்றுவதுதான் முதல் திட்டம். பிறகு "எங்கள் வழக்கம் இப்படி" என்று மென்பொருளையே வெட்டி ஒட்டத் தொடங்கினார்கள். வெட்டி ஒட்டியதில் ஒன்று வங்கிக் கணக்கு ஒப்புநோக்கும் பகுதி. அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. வந்த காசு யாருடையது என்று ஆட்களை வைத்துக் கையால் பொருத்த வேண்டி வந்தது. கணக்காய்வாளருக்குக் கொடுக்க ஒழுங்கான கணக்கு இல்லை. ஐரோப்பாவின் ஆகப்பெரிய உள்ளூராட்சிச் சபைகளில் ஒன்றுக்கு இந்த நிலைமை. கடைசியில், வெட்டி ஒட்டாத ஆரக்கிளைத் திரும்பப் போடுவது என்று முடிவெடுத்தார்கள்.

பழைய தலைமை எழுத்தர்:
ஈஸ்ட்ஹாம்வாசி, படித்துவிட்டுச் சிரித்தேன், அழவும் தோன்றியது. ரொக்கப் புத்தகத்துக்கும் வங்கிப் பாஸ் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம், தணிக்கையில் எங்களுக்கு வருடா வருடம் வரும் ஆட்சேபம். இரண்டு லட்ச ரூபாய் வித்தியாசத்துக்கு நாங்கள் ராத்திரி பத்து மணி வரை சலான் புரட்டியிருக்கிறோம். கோடிப் பவுண்டுக்கும் அதே வியாதிதான்.

ஆனால் மென்பொருள் சொன்னபடி நாம் ஆட வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். சில முறைகள் சட்டத்திலேயே இருக்கின்றன. இன்ன செலவுக்கு மன்ற ஒப்புதல் வேண்டும் என்று உள்ளாட்சிச் சட்டமும், ஒப்பந்தப்புள்ளி இப்படித்தான் திறக்க வேண்டும் என்று 1998-ஆம் வருட ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் சொல்கின்றன. மென்பொருளில் அதற்குக் கட்டம் இல்லை என்றால் சட்டத்தை மாற்ற முடியுமா?

நெல்லை டெவலப்பர்:
ஐயா, அதில் சண்டையே இல்லை. எது சட்டம், எது பழக்கம் என்று பிரித்துச் சொல்லத்தான் ஆளில்லை. நான் ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து, "இந்த அறிக்கை பச்சைத் தாளில்தான் வர வேண்டும்" என்ற தேவைக்காக நிரல் எழுதினேன். ஏன் பச்சை என்று கேட்டேன். முன்னால் ஒரு காலத்தில் வெள்ளைத் தாள் கிடைக்கவில்லையாம்.

பழைய தலைமை எழுத்தர்:
பச்சைத் தாள் எனக்குத் தெரியும். சரி, அந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

பாலக்காட்டான்:
பக்கத்து வீட்டுக் கதையையும் கேளுங்கள். கேரளத்தில் உள்ளாட்சிகளே திட்டமிடும் மக்கள் திட்டம் 1996-ல் தொடங்கி, அதன் தொடர்ச்சியாக 1999-ல் இன்பர்மேஷன் கேரளா மிஷன் என்று உள்ளாட்சிக்காகவே ஓர் அமைப்பு வந்தது. பிறப்பு இறப்புக்கு சேவன, வரிக்கு சஞ்சய, கணக்குக்கு சாங்கிய, திட்டங்களுக்கு சுலேகா, மன்றக் கூட்டத்துக்கு சகர்ம. ஒவ்வொன்றுக்கும் அழகான பெயர். மன்றக் கூட்டத்துக்கு மென்பொருள் வேண்டும் என்று யோசித்தார்களே, அது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

சிக்கல் என்னவென்றால் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. ஒரே வீட்டைப் பற்றி இரண்டு மென்பொருளில் தனித்தனியாக ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக்கி கே-ஸ்மார்ட் என்று 2024 ஜனவரி 1-ல் நகராட்சி, மாநகராட்சிகளில் தொடங்கினார்கள். 25 வருடம்! இடையில் சேர்ந்த பழைய தரவைப் புதியதுக்குள் கொண்டுபோவதுதான் பெரிய வேலை. நெல்லை டெவலப்பர் சொன்ன முத்துச்சாமி எங்கள் ஊரிலும் இருக்கிறார், முத்துஸ்வாமி என்ற பெயரில்.

வார்டு7:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், நடுவில் குடிநீர் மோட்டார் எரிந்து ஊரே என் வீட்டு வாசலில் நின்றது.

ஒரு பெயர் மாற்ற மனுவின் பின்னாலேயே போனேன். மொத்தம் 19 நாள். கம்ப்யூட்டரில் அதற்கு ஆன நேரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், கால் மணி நேரம்கூட இல்லை. மீதி எங்கே போனது? நான்கு நாள் தபாலில் பதிவாகிப் பிரிவுக்கு வரவில்லை, காரணம் தபால் பார்ப்பவரே சமுதாயக் கூடச் சாவிக்கும் பொறுப்பு. ஒன்பது நாள் பில் கலெக்டரின் பையில். அவர் சோம்பேறி இல்லை, மூன்று வார்டு பார்க்கிறார், அந்தப் பக்கம் போகும்போது இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார். மற்ற நாள்கள் செயல் அலுவலருக்காக. அவர் பக்கத்துப் பேரூராட்சிக்கும் கூடுதல் பொறுப்பு, வாரத்தில் மூன்று நாள்தான் இங்கே.

இன்னொன்று. பத்திரம், வில்லங்கச் சான்று, ரசீது எல்லாம் மூன்று செட் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். ஒன்று கோப்புக்கு. ஒன்று பில் கலெக்டருக்கு. மூன்றாவது எதற்கு என்று ஒவ்வொரு மேஜையாகக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரு அலமாரியில் மூன்றாவது செட் மட்டும் கட்டுக் கட்டாக இருக்கிறது. அந்த ஜெராக்ஸில் பாதி என் கடையில் எடுத்தது!

பழைய தலைமை எழுத்தர்:
அந்த மூன்றாவது செட் ஒரு காலத்தில் மாவட்ட அலுவலகத்துக்குப் போனது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் அப்படித்தான் இருந்தது. அனுப்புவது நின்றுவிட்டது, வாங்குவது நிற்கவில்லை.

கடை பற்றி நீங்களே சொன்னதால் ஒன்று சொல்கிறேன். பேரூராட்சிக்கு டோனர், மவுஸ், கேபிள் எதையும் உங்கள் கடையிலிருந்து கொடுத்துவிடாதீர்கள், மச்சான் பெயரில்கூட வேண்டாம். உள்ளாட்சி ஒப்பந்தத்தில் மன்ற உறுப்பினருக்குப் பங்கு இருந்தால் பதவிக்கே ஆபத்து. நீங்கள் எழுதிய திட்டத்தில் நீங்களே விற்பவராக இருந்தால், எதிர்க்கட்சிக்காரர் வேண்டாம், உங்கள் கட்சிக்காரரே போதும்.

வார்டு7:
ஐயையோ, நல்லவேளை சொன்னீர்கள். செயல் அலுவலர் போன வாரம்தான் "உங்க கடையிலயே ரெண்டு கேபிள் குடுங்க" என்றார். கொடுக்கவில்லை.

இருக்கும் சாமான் கணக்கும் எடுத்தேன். கம்ப்யூட்டர் ஐந்து. இரண்டில் இன்னும் விண்டோஸ் 7, அதற்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. மற்ற மூன்றில் விண்டோஸ் 10, அதுவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துபோன கதை. ஆக, புது கம்ப்யூட்டர் வேண்டும் என்பது முழுக்கத் தப்பில்லை, ஐயா. யுபிஎஸ் இரண்டில் ஒன்று பேட்டரி வீங்கிக் கிடக்கிறது. ஏதோ திட்டத்தில் வந்த கம்ப்யூட்டர் ஒன்று அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது, அந்த அறையில் பிளக் பாயின்ட் இல்லையாம்.

தீர்மானங்கள் முழுக்க அந்த விண்டோஸ் 7 மிஷின் ஒன்றில்தான் இருக்கின்றன. நகல் எங்கும் இல்லை.

கவுன்ட்டர்4:
அண்ணா, அதை முதலில் பென்டிரைவிலாவது எடுத்துவிடுங்கள். இன்றைக்கே. திட்டமெல்லாம் அப்புறம் எழுதலாம்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
தங்கச்சி சொன்னதுதான் சரி. எடுத்த நகலை அதே அறையிலோ அதே கணினியில் செருகியபடியோ வைக்க வேண்டாம். 2020 ஒக்டோபரில் இங்கே ஹக்னி நகரசபையில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தபோது, வீடு வாங்க விற்கத் தேவையான காணித் தேடல்கூட மாதக்கணக்கில் தடைப்பட்டது. விசாரித்துப் பார்த்தால், பாவனையில் இல்லாத ஒரு பழைய பயனர் கணக்கு பலவீனமான கடவுச்சொல்லோடு சர்வரில் இணைந்தபடியே இருந்திருக்கிறது. தகவல் ஆணையாளர் அலுவலகம் 2024-ல் கண்டித்தபோது அதையும் எடுத்துச் சொன்னது. உங்கள் பழைய செயல் அலுவலரின் ஓடிபி கதையைப் படிக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நெல்லை டெவலப்பர்:
இந்தியாவிலும் அதற்கு விதி உண்டு. இணையத் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது, அரசு அலுவலகங்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் ஆபீசில் அதை யார் தெரிவிப்பார்கள் என்று ஒரு பெயரும் போன் நம்பரும் திட்டத்தில் இருக்கட்டும். பெயரை விடப் பதவியை எழுதுவது நல்லது. பெயர் மாறுதலாகிப் போய்விடும்.

வரிகட்டுபவன்:
எல்லாம் சரி, என் ரசீது?

கவுன்ட்டர்4:
அண்ணா, மறக்கவில்லை. நாங்கள் இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். தளம் நின்றால் தேதி, நேரம், எந்தச் சேவை, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று எழுதுகிறோம், திரையைப் படம் பிடித்து வைக்கிறோம். முன்பெல்லாம் "சார், அடிக்கடி நிற்குது" என்று மேலே சொன்னால் "பார்க்கிறோம்" என்பார்கள். இரண்டு மாத நோட்டை ஜெராக்ஸ் எடுத்து உதவி இயக்குநர் கூட்டத்துக்கு அனுப்பினோம். இந்த முறை என்ன, ஏன் என்று திருப்பிக் கேள்வி கேட்டார்கள். அதுவே பெரிய முன்னேற்றம்.

வார்டு7:
அந்த நோட்டை நான் திருடிக்கொள்கிறேன் அக்கா.

இப்போது என் திட்டம் மூன்று பக்கம். ஆப்பை எடுத்துவிட்டேன், தனி இணையதளத்தையும் எடுத்துவிட்டேன். சிசிடிவி மட்டும் தலைவர் கேட்டதால் இருக்கிறது. முதல் வருடம் கேட்புப் பட்டியலைத் தெரு வாரியாகச் சரிபார்ப்பது, குடிநீர் இணைப்பு எண்ணை வரிவிதிப்பு எண்ணோடு சேர்ப்பது. இதற்குப் பில் கலெக்டருக்கு ஒரு வார்டைக் குறைத்துக் கொடுக்கக் கேட்டிருக்கிறேன். மூன்றாவது செட் ஜெராக்ஸை நிறுத்தச் சுற்றறிக்கை. கம்ப்யூட்டர் ஆறு கேட்டதில் மூன்றாகக் குறைத்து, மிச்சத்தில் யுபிஎஸ், மின் இணைப்பு வேலை, மூன்று வருடப் பராமரிப்பு, டோனர் என்று வருடா வருடம் ஆகும் செலவையும் போட்டேன். வாங்கும் விலையை விட இது அதிகம் வந்ததைப் பார்த்துச் செயல் அலுவலருக்கே ஆச்சரியம்.

மன்றத்தில் வைத்தேன். ஒரு உறுப்பினர் எழுந்து "இதுல கம்ப்யூட்டரே கம்மியா இருக்கே, இது என்ன கம்ப்யூட்டர் திட்டம்?" என்றார். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டார்கள்.

பழைய தலைமை எழுத்தர்:
ஒத்திவைப்பது தோல்வி இல்லை, தம்பி. அடுத்த கூட்டத்துக்கு அந்த 19 நாள் கணக்கை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஆளுக்கொரு நகல் கொடுங்கள். உறுப்பினர்களுக்குக் கம்ப்யூட்டர் புரியாவிட்டாலும், வார்டில் அலையும் மனுதாரர் புரிவார். அந்த மனு யார் வார்டு?

வார்டு7:
எழுந்து கேள்வி கேட்டாரே, அவருடைய வார்டுதான்.

கவுன்ட்டர்4:
ஹா ஹா. அண்ணா, தீர்மானங்களை நகல் எடுத்தாச்சா? ஓடிபி எண்?

வார்டு7:
நகல் இரண்டு எடுத்தாச்சு, ஒன்று பீரோவில், ஒன்று வரி வசூல் மையத்தில். ஓடிபி விசாரித்தேன், இங்கேயும் அதே கதைதான். எண்ணை மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம். உறுதி செய்ய ஒரு ஓடிபி வருமாம், அது பழைய செயல் அலுவலர் போனுக்குத்தான் போகும். காலையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன், மீட்டிங்கில் இருக்கிறார்.